தினமும் ஒரே நிறம்

காலையில் அந்த வீட்டில் முதலில் கேட்பது கழிவறைக் கதவின் சத்தம்தான். கதவு ஒரு கையளவு திறக்கும். உள்ளேயிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தம்ளர் ஒன்று வெளியே நீளும். மகள் நீட்டுவாள், அம்மா வாங்குவாள். வாங்கியவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார்ப்பாள்.

"என்ன ஷேடு?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"பால் விடாத டீ."

"அப்ப எனக்கு வேணாம். நீயே குடி."

அம்மா சிரித்துக்கொண்டே அதைச் சாக்கடையில் கொட்டுவாள். அந்தச் சிரிப்பு இருந்தால்தான் அவளுக்கு அன்றைய சோறு இறங்கும். சிவப்போடிய பழுப்பு என்றால் மகளின் உடம்பிலிருந்து இரும்பு வெளியேறுகிறது என்று அர்த்தம். இரும்பு வெளியேறினால் மகள் இருப்பாள்.

அம்மாவுக்கு வேலை சாயப்பட்டறையில். தொட்டியில் நூலை முக்குகிற வேலையில் சேர்ந்து, கண் நன்றாக இருக்கிறதென்று நிறம் பொருத்துகிற மேசைக்கு ஏறியவள். வாங்குகிறவர்கள் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இதே நிறம் வேண்டும் என்பார்கள்; பொடிகளைக் கலந்து, சின்னக் குவளையில் நூல் முடிச்சை வேகவைத்து, காயவைத்து, துணியின் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்குவாள். பட்டறையில் அவளுக்குக் கலரக்கா என்று பெயர். லாரி ஓட்டுகிற கணவனுக்குத் தெருவில் தனியாகப் பெயரே கிடையாது. "கலரக்கா வீட்டுக்காரரு"தான். "லாரிக்குக்கூட நம்பர் இருக்கு, எனக்கு அதுவும் இல்ல" என்பான்.

மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. ஓரிடத்தில் நிற்காததால் வந்த பெயர் அல்ல. குழந்தையாக இருந்தபோது எப்போதும் துவண்டு கிடந்தாள். தவழ வேண்டிய வயதில் வெளிறிப்போய், வயிறு மட்டும் உப்பி, அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள். முதல் முறை ரத்தம் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அடுக்கியிருந்த பாத்திரத்தையெல்லாம் இழுத்துப் போட்டாள். அப்பன்காரன் கண்ணில் தண்ணீரோடு, "அட வாலு!" என்றான். அதுவே நின்றுவிட்டது.

தலசீமியா என்றார்கள். உடம்பு ரத்தம் செய்கிறது, செய்த வேகத்திலேயே அது உடைந்துபோகிறது. டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் இதுல பாதிப் பாதி இருந்திருக்கு. பாதி இருந்தா ஒண்ணும் செய்யாது, தெரியக்கூடத் தெரியாது. இவளுக்கு ரெண்டு பாதியும் சேர்ந்து வந்துடுச்சு."

"வீட்டுல எந்த வேலையையும் நாங்க சரிபாதியாப் பங்கு போட்டதில்ல டாக்டர்," என்றான் கணவன். "இதை மட்டும் கரெக்டாப் போட்டிருக்கோம்." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகலாம். அதற்குப் பொருந்துகிற கூடப்பிறந்தவர் வேண்டும். வாலுவுக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. இன்னொன்று பெற்றுக்கொள்ள இருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆகவே மாதம் தவறாமல் ரத்தம். பட்டறை ஆட்கள் முறைபோட்டு வந்து கொடுத்தார்கள். "உன் பொண்ணு உடம்புல பாதிப் பட்டறை ஓடுது கலரக்கா. பெரியவளானதும் எங்க எல்லாரையும் சித்தப்பான்னுதான் கூப்பிடணும்" என்று கேலி செய்வார்கள்.

ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் ஏறுகிறது. ஏறியது இறங்குவதற்கு உடம்பில் வழி இல்லை. ஈரலில் படியும், இதயத்தில் படியும். படிந்துகொண்டே போனால் இதயம் ஒருநாள் தாளம் தப்பும். அதை வெளியேற்றத்தான் சாயங்கால ஊசி. பொடியைத் தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் ஏற்றி, சோப்புப் பெட்டி அளவு இருக்கும் ஒரு சின்ன மிஷினில் பொருத்தி, வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி டேப் ஒட்ட வேண்டும். மிஷின் இடுப்புப் பையில் கிர்... கிர்... என்று விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். வயிறெல்லாம் கட்டிக்கட்டியாக வீங்கும்.

மறுநாள் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. "கலர் மாறும், பயப்படாதீங்க" என்று சிஸ்டர் ஒரு தடவை சொன்னதோடு சரி. அவளாகத்தான் பிடித்துக்கொண்டாள். நாளெல்லாம் நிறம் பார்த்தே பிழைக்கிறவள். மகளின் உயிரும் ஒரு நிறமாக வந்து நின்றபோது விடுவாளா? ஆரம்பத்தில் அது நாளுக்கொரு மாதிரி இருந்தது. ரத்தம் ஏற்றிய புதிதில் வெளுத்து வரும். நாள் போகப் போக அடர்ந்துகொண்டே வந்து, அடுத்த ரத்தத்துக்கு முந்தைய நாட்களில் செங்கல் நிறத்தைத் தொடும். வெளுத்த நாட்களில் பட்டறையில் ஒரே பொடியைத் திரும்பத் திரும்ப எடை போடுவாள்.

வாலுவுக்குப் பன்னிரண்டு முடிந்ததும், "ஊசியை நீ போட்டு விடு. காலையில நானே எடுத்துக்கறேன். நான் என்ன பாப்பாவா?" என்றாள். டாக்டரம்மா பாராட்டினார். கலரக்கா பட்டறையில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து நிறமும் சீராகிவிட்டது. வெளுப்பே இல்லை. தினமும் பால் விடாத டீ. மனசு ஒரு நிலைக்கு வந்ததென்றால் அந்த மாதங்களில்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தபோது அவள் மேசையில் பச்சை கலந்துகொண்டிருந்தாள். மாடிப்படி ஏறும்போது வாலு பாதியில் உட்கார்ந்துவிட்டாளாம். நெஞ்சு படபடவென்று அடித்து நிற்கவே இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலுவை வார்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஹார்ட்ல இரும்பு நிறைய சேர்ந்திருக்கும்மா. போன வருஷம் இப்படி இல்ல. உண்மையைச் சொல்லுங்க, ஊசி விட்டுப்போச்சா? திட்டறதுக்குக் கேக்கல."

"இல்ல டாக்டர்."

"அவ வளர்ற பொண்ணு. அடம் பிடிச்சிருப்பா, நீங்களும் பாவம்னு விட்டிருப்பீங்க..."

"நானே கையால போட்டு விடறேன். சிரிஞ்சு காலியாத்தான் இருக்கு. காலையில கலரையும் பாக்கறேன். என் கண்ணை நீங்க நம்பலாம் டாக்டர், அதை வெச்சுத்தான் சோறு திங்கறேன். ஒரு நாள்கூட மாறல. அச்சு அசலா ஒரே மாதிரி இறங்குது. என் பொண்ணு மேல சத்தியம்."

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அப்படின்னா மருந்து கேக்கலன்னு அர்த்தம்," என்றார். "இவ்வளவு ஒழுங்காப் போட்டும் ஏறியிருக்குன்னா நிலைமை மோசம். அட்மிட் பண்ணி, நெஞ்சுல பெரிய குழாயாப் போட்டு, இருபத்துநாலு மணி நேரமும் மருந்து ஓடவிடணும். கூடவே வேற ஒரு மாத்திரை. அது வெள்ளை அணுவைக் குறைச்சாலும் குறைச்சிடும், வாராவாரம் டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கணும்."

"அதுவும் கேக்கலன்னா?"

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை, சுவர்தான்.

பெட் காலியாக ஒரு நாள் ஆகும் என்றார்கள். படபடப்பு அடங்க மாத்திரை கொடுத்து வாலுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். படுத்தே இருக்க வேண்டும், படி ஏறக்கூடாது. அடுத்த வீட்டுக்காரியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, விடுப்புச் சொல்லப் பட்டறைக்குப் போனாள் கலரக்கா. கால் நடந்தது, அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்தும் பலனில்லை என்றால் இனி எதைச் செய்வது? தப்பு செய்திருந்தாலாவது திருத்தலாம்.

பட்டறையில் பெரிய சண்டை. துணிக் கம்பெனி ஆள் இரண்டு நூல் கட்டுகளை மேசைமேல் வீசியிருந்தான். "போன லாட்டும் இந்த லாட்டும் ஒட்டவே இல்ல பாருங்க! இது நல்லா சிவந்திருக்கு, இது சோகை பிடிச்ச மாதிரி இருக்கு!"

சோகை என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் ஒரு கணம் கலரக்காவைப் பார்த்தார்கள். சாய மாஸ்டர் பேச்சை மாற்றுகிறவர்போல் குரலை உயர்த்தினார்.

"தம்பி, தண்ணி மாறுது, பஞ்சு மாறுது, வெயில் மாறுது. ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் முன்னபின்ன இருக்கத்தான் செய்யும். அச்சு அசலா ஒரே ஷேடு வேணுமா? ஒரே தொட்டியில மொத்தமா முக்கினாத்தான் வரும். வேற வேற நாள்ல எடுத்து ஒரே கலர் வருதுன்னு எவனாவது சொன்னா, அவன் ஏமாத்தறான்."

கலரக்கா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள்.

அச்சு அசலா. டாக்டரிடம் அவள் சொன்ன அதே வார்த்தை.

மகளின் உடம்பு தொட்டியா? சாப்பாடு மாறுகிறது, குடிக்கிற தண்ணீர் மாறுகிறது. ரத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. ரத்தம் ஏற்றிய மறுவாரம் வெளுக்க வேண்டியது ஏன் வெளுக்கவில்லை? பிசகாத நிறத்தைப் பார்த்தால் பட்டறையில் சபாஷ் என்பார்கள். அவளும் வீட்டு ஜன்னலில் நின்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு நாளா இரண்டு நாளா.

"என்னக்கா, உக்காருங்க. தண்ணி குடிங்க," என்று யாரோ சொன்னார்கள். அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

வீட்டில் வாலு தூங்கிக்கொண்டிருந்தாள். துணைக்கு இருந்தவளை அனுப்பிவிட்டு, கலரக்கா மகளின் பள்ளிப் பைக்குப் பின்னாலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். பட்டறையில் மிஞ்சிய சாயங்களை மாத்திரைப் புட்டி மூடிகளில் குழைத்து, படம் வரைய அவளே கொண்டுவந்து கொடுத்தது. வாலு படம் வரைவதை விட்டு வெகுநாளாயிற்று. நீலமும் பச்சையும் கறுப்பும் மேலே தூசி படிந்து, வெடித்துக் கிடந்தன. சிவப்பும் பழுப்பும் மட்டும் ஈரம் காயாமல், விளக்குமாற்றுக் குச்சியால் அடிவரை சுரண்டப்பட்டிருந்தன.

"கண்டுபிடிச்சிட்டியா?"

வாலு கண் திறந்து படுத்திருந்தாள்.

"கலரக்கான்னு பேரு. இவ்வளவு நாளாச்சு உனக்கு," என்றாள்.

கலரக்கா அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அடித்தால் தாங்குகிற நெஞ்சா அது?

"மருந்து எங்கடி போச்சு?"

"சாக்ஸுக்கு."

"எதுக்கு?"

"பழைய சாக்ஸ். நீ தூங்கினதும் ஊசியை எடுத்து அதுக்குள்ள சொருகிடுவேன். காலையில பிழிஞ்சு காயப்போட்டுடுவேன்." வாலு சிரிக்கப் பார்த்தாள், மூச்சு இரைத்தது. "அந்த சாக்ஸு ஒண்ணுதான் இந்த வீட்டுல நல்லா இருக்கு. அது உடம்புல இரும்பே இல்ல."

"சிரிக்காத! கொன்னுடுவேன்! உனக்கென்ன, வலியா? வலிக்குதுன்னு சொல்லியிருந்தா வேற எடத்துல போட்டிருப்பேனே. ஒரு நாள் விட்டுடும்மான்னு கேட்டிருந்தா விட்டிருப்பேனே!"

"பொட்டலம் எங்க?"

கலரக்கா தகரப் பெட்டியை மூடினாள். பொட்டலம் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரி, வாலுவைவிடக் கொஞ்சம் பெரியவள். எந்நேரமும் குளிர்கிறதென்று போர்வையைச் சுற்றிக்கொண்டே வருவதால் வாலு வைத்த பெயர். இருவரும் ஒரே நாளில் ரத்தம் ஏற்றிக்கொள்வார்கள், ஒருத்தி பையில் ஓடுவது வேகமா மற்றவளுடையதா என்று பந்தயம் கட்டுவார்கள்.

"அதான் சொன்னேனே. அவங்கப்பாவுக்கு மாத்தலாகி..."

"எந்த ஊருக்கு?"

கலரக்கா போர்வையை இழுத்து மகளின் கால்களை மூடினாள்.

"என் மிஷின் ரிப்பேரானப்ப வேற ஒண்ணு கொண்டுவந்தியே," என்றாள் வாலு. "அதுல நட்சத்திர ஸ்டிக்கர் இருந்துச்சு. நீ சுரண்டிட்டு எடுத்து வந்த. சுரண்டினாப் போயிடுமா? பசை அப்படியே இருக்கே. அந்த ஸ்டிக்கரை ஒட்டினதே நான்தான். செத்துப்போனவ மிஷினை என் வயித்துல கட்டிவிட்டுட்டு, ஊரு மாறிட்டான்னு சொன்ன."

சிஸ்டர் நல்ல மனதோடு கொடுத்ததுதான். அந்தத் தாய், இன்னொரு குழந்தைக்காவது ஆகட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன மிஷின். வேறு மிஷின் வர நாளாகும் என்றார்கள். கலரக்கா ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தால் அந்த நட்சத்திரத்தைச் சுரண்டினாள்.

"அவ ஒரு நாள் விடாம போட்டுக்கிட்டாம்மா. என்னை மாதிரி அழவும் மாட்டா. போட்டும் போயிட்டா. அப்புறம் எதுக்கு? தெனமும் அதை மாட்டும்போது அவதான் கிர்ருகிர்ருன்னு சொல்ற மாதிரி இருக்கும்."

"அவளுக்கு மருந்து கெடைச்சதே லேட்டுடி கண்ணு. உன் வயசுலதான் ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள எல்லாம் படிஞ்சிடுச்சு. உனக்கு ரெண்டு வயசுல ஆரம்பிச்சது..."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

கலரக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைத்தாள். பயந்தவள் யார் என்று இப்போது தெரிந்தது. மகள் தம்ளரில் சாயம் கலக்குமுன் அம்மா ஒரு சாயம் கலந்தாயிற்று.

சாயங்காலம் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் எங்கோ சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "வரேன். லோடு எக்கேடோ கெடட்டும், வரேன்," என்றான். பிறகு, "நம்ம ரெண்டு பேரு புத்தியும் சேர்ந்து வந்திருக்கு பாரு அதுக்கு," என்றான். பின்னால் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

மறுநாள் டாக்டரம்மாவின் முன்னால் நின்று, பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன் என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள், நட்சத்திரம் உட்பட. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப மருந்து கேக்காம இல்ல. போகவே இல்ல."

"இனிமே கேக்குமா டாக்டர்?"

"கேக்கும்னு நம்பலாம். ஹார்ட்லேர்ந்து இரும்பு இறங்க மாசக்கணக்கா, வருஷக்கணக்காக் கூட ஆகும். மருந்துக்கு அவ்வளவு நேரத்தை அந்த ஹார்ட் குடுக்குமான்னுதான் எனக்குத் தெரியல. இனிமே யாரும் யார்கிட்டயும் எதையும் மறைக்க வேணாம்னுதான் உங்ககிட்ட இதைச் சொல்றேன்."

நெஞ்சில் குழாய் வைத்தார்கள். படுக்கைப் பக்கம் கம்பியில் மருந்துப் பை. தலைமாட்டில் பச்சைக் கோடு ஓடும் பெட்டி. கோடு சில வேளை தாளம் தப்பித் துள்ளும். அப்போதெல்லாம் சிஸ்டர்கள் ஓடிவருவார்கள். கலரக்கா சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவாள். இடைப்பட்ட நேரத்தில் லாரிக்காரன் மகளின் காலைப் பிடித்துவிட்டபடி, தான் ஓட்டிய சாலைகளின் கதையெல்லாம் சொன்னான். வாலு பாதி கேட்பாள், பாதி தூங்கிவிடுவாள். தூங்கும்போது கணவன் மனைவி இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அவள் மார்பு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாலு மாத்திரையையும் விழுங்கினாள், ஊசியையும் தடுக்கவில்லை. சம்மதித்தாளா, சண்டை போடத் தெம்பில்லையா என்று கலரக்காவுக்குப் புரியவில்லை. ரத்தம் ஏற்றி முடித்த நாளில்தான் வாலுவே பேச்செடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு."

"சொல்லுடா."

"இனிமே தம்ளரை நீ பாக்கக் கூடாது. அளக்கறது சிஸ்டர் வேலை. கலரை நான் சொல்லுவேன். நீ நம்பணும்."

கலரக்கா கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நிறத்தைப் பார்க்காமல் அவள் எதை நம்பினாள் இதுவரை? பார்த்துமே ஏமாந்தாயிற்று.

"சரி," என்றாள்.

"பொட்டலத்து மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

மறுநாள் காலையில் வாலு சக்கரம் வைத்த மருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு வார்டுக் கழிவறைக்குப் போனாள். நாலு எட்டில் நின்றாள், மூச்சு வாங்கினாள், பிறகு நடந்தாள். பிடிக்க வந்த அம்மாவைக் கண்ணாலேயே நிறுத்தினாள். கம்பி வெளியே நிற்க, குழாய் இடுக்கு வழியாக உள்ளே போயிற்று. அதனால் கதவு முழுதாகச் சாத்தவில்லை. ஒரு கையளவு திறந்தே இருந்தது. கலரக்கா எட்டிப் பார்த்திருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியை இறுகப் பிடித்தாள்.

உள்ளே தம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"என்ன ஷேடு?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே யாருடையதோபோல் இருந்தது.



"வெளுப்பு," என்றாள் வாலு.

"ரொம்பவா?"

"ரொம்ப. தண்ணியைவிடக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான்."

நேற்றுத்தான் புது ரத்தம் ஏறியது, வெளுக்கத்தான் செய்யும் என்று மனசு சமாதானம் தேடியது. அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஏமாற்ற நினைக்கிறவள் வெளுப்பு என்று சொல்ல மாட்டாள். அது மட்டும்தான் கையில் இருந்தது. கதவு நிலையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கொஞ்சம் ஏறும், இல்லடா?"

"நாளைக்குப் பாத்தாத்தான் தெரியும். கம்பியை ஆட்டாதம்மா, இழுக்குது."